குறைந்துபோன ஓட்டுகள்: ஒரு ஜப்பானியத் தேர்தலின் கணக்கு

(செயற்குழுத் தேர்தலைக் கைப்பேசி வழியாக நடத்துவது பற்றி நம் சங்கக் கூடத்தில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். குறுக்கே வந்த கேள்விகளை விட்டுவிட்டு, பதில்களை மட்டும் அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.)



கைப்பேசியில் ஓட்டுப் போடும் முறைக்கு நாம் மாறலாமா என்று பேசக் கூடியிருக்கிறோம். ஆளுக்கொரு கோணத்தில் பேசுங்கள் என்றார் செயலாளர். அந்தச் செயலி எப்படி வேலை செய்யும் என்று சொல்ல இங்கே விவரம் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வங்கியில் லெட்ஜர் எழுதி, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து, கடைசிக் காலத்தில் கம்ப்யூட்டரில் தட்டி ஓய்வுபெற்றவன். படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல் கழித்தல்தான். கூடவே ஒரு பழக்கம் உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும், ‘இது எத்தனையில் இத்தனை?’ என்று கேட்பேன்.

அந்தக் கேள்வியோடு ஒரு தேர்தலைப் பற்றிச் சொல்கிறேன். முழுக்க முழுக்க இணையத்திலேயே நடந்தது. பத்தாண்டுக்கு மேல் ஓடியது. பிற்காலத்தில் ஓட்டு குறைந்துகொண்டே வந்து, சத்தமில்லாமல் அடங்கிப்போனது. வேட்பாளர்கள் அத்தனை பேரும் கார்ட்டூன் பெண்கள்.

சிரிக்கலாம், தப்பில்லை. என் இளைய மகன் பொறியியல் படித்த நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மாதிரி ஒரு போட்டியில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நானும் அப்போது சிரித்தேன். பிறகு அவன் அந்த ஓட்டெண்ணிக்கைப் பட்டியல்களைக் காட்டினான். பட்டியலைக் காட்டினால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. அனிமே என்றால் ஜப்பானில் எடுக்கிற கார்ட்டூன் தொடர். நம் வீட்டுக் குழந்தைகள் தமிழ் பேசப் பார்க்கிற ஷின்சான், டோரேமான் எல்லாம் அந்த வகைதான். அங்கே இது குழந்தைகளோடு நிற்பதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே நள்ளிரவுக்கு மேல் ஒளிபரப்பாகிற தொடர்கள் ஏராளம். ஒரு தொடர் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அடுத்த பருவத்துக்குப் புதுத் தொடர்கள் வரிசையில் நிற்கும்.

1999-இல் நிஷிமுரா ஹிரோயுகி என்ற இளைஞர், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மாணவராக இருந்தபோது, ‘2சேனல்’ என்ற இணையக் கருத்துப் பலகையைத் தொடங்கினார். யாரும் பெயர் கொடுக்க வேண்டாம். பெயர் எழுதாவிட்டால் ‘பெயரில்லாதவர்’ என்றே விழும். சமையலிலிருந்து பங்குச் சந்தை வரை அங்கே பேசாத விஷயம் இல்லை. அந்தப் பலகையில் 2002-இல் சில அனிமே ரசிகர்கள் ஒரு போட்டியை ஆரம்பித்தார்கள். பெயர் ‘அனிமே சைமோஎ டோர்னமென்ட்’. ‘மோஎ’ என்ற எழுத்துக்கு நேர்ப்பொருள் துளிர்ப்பது. ரசிகர் பேச்சில், ஒரு கற்பனைப் பாத்திரத்தின்மேல் மனத்தில் துளிர்க்கிற வாஞ்சை. ‘சைமோஎ’ என்றால் அதில் உச்சம். முதல் ஆண்டு ஜெயித்தவள் ‘கார்ட்கேப்டர் சகுரா’ தொடரின் நாயகி, கினோமோட்டோ சகுரா என்ற பள்ளிச் சிறுமி.

விதிமுறைகள் நம் சங்க பைலாவைவிடத் தெளிவாக இருந்தன என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முந்தைய ஆண்டு ஜூலை முதல் அந்த ஆண்டு ஜூன் வரை ஒளிபரப்பான தொடர்களின் பெண் பாத்திரங்கள் மட்டுமே நிற்கலாம். நம் நிதியாண்டு மாதிரி அதற்கும் ஒரு கணக்கு ஆண்டு. முதலில் தகுதிச் சுற்று, பிறகு நாக் அவுட். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நாள். ஓட்டுப் போடுகிறவர், தனியாக ஒரு பக்கத்தில் போய் ஒரு குறியெண் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு பலகையில், இரட்டைக் கோண அடைப்புக்குள் பாத்திரத்தின் பெயரை எழுதி, அந்தக் குறியெண்ணையும் ஒட்டி, எல்லாரும் பார்க்கப் பதிவிட வேண்டும். ஒரே இணைப்பிலிருந்து ஒருவரே பத்து ஓட்டுப் போடாமல் இருக்கத்தான் குறியெண். ஓட்டு எண்ணியவர்களும் தன்னார்வலர்கள். பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. ஜெயித்த பாத்திரத்துக்குத் தான் ஜெயித்தது தெரியவே போவதில்லை!

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்கள் வெறும் பெயரை எழுதிவிட்டுப் போகவில்லை. ‘ஏன் இவளுக்குப் போடுகிறேன்’ என்று கீழே ஒரு பத்தி எழுதினார்கள். படம் வரைந்து போட்டார்கள். சிறு அசைபடம் செய்து போட்டார்கள். இதற்கு ‘ஷியென்’ என்று பெயர், ஆதரவு என்று அர்த்தம். காலையில் வேறு யாருக்கோ போட நினைத்திருந்தவர் ஒரு பத்தியைப் படித்துவிட்டு மாற்றிப் போடுவது உண்டு. அந்தத் தொடரையே பார்க்காதவர், இதைப் படித்துவிட்டுத் தொடரைத் தேடிப் பார்த்ததும் உண்டு. ஒரு நாள் முழுக்க இந்தப் பேச்சு ஓடும். ஓட்டு அதன் முடிவில் விழுகிற ரசீது.

இன்னொரு விஷயம், இந்தப் பாத்திரங்களை அவர்கள் எவ்வளவு தூரம் மனிதர்களாக எடுத்துக்கொண்டார்கள் என்பது. 2008-இல் ஜெயித்தவள் ‘லக்கி ஸ்டார்’ தொடரின் ஹிராகி ககாமி. தொடரில் அவள் குடும்பம் ஒரு ஷிண்டோ கோயிலில் வசிக்கிறது. அந்தக் கோயிலுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது சைத்தாமா மாநிலத்தின் வாஷிமியா என்ற சிற்றூரின் பழைய கோயில். ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போக ஆரம்பித்தார்கள். ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? 2008-இல் அந்தக் கற்பனைக் குடும்பத்துக்கு ஊரின் சிறப்புக் குடியிருப்போர் சான்றிதழே கொடுத்தது. நம் சங்கத்தில் வாடகைக்கு வந்தவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்க எத்தனை மாதம் ஆனது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

2009-இல் ‘டோராடோரா’வின் அய்சாகா தாய்கா. 2010-இல் ‘கே-ஆன்’ தொடரின் நகானோ அசுசா. 2011-இல் தோமோஎ மாமி. இந்த மாமி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே இருக்கிற மாமிகள் தப்பாக நினைக்க வேண்டாம், அது அவள் பெயர். ‘மடோகா மாஜிகா’ என்ற பன்னிரண்டு பகுதித் தொடரில் அவள் மூன்றாவது பகுதியிலேயே செத்துப்போகிறாள். நாயகியும் அவள் இல்லை. அந்தத் தொடரின் கடைசிப் பகுதிகள், மார்ச் 11 பூகம்பத்தால் தள்ளிப்போய் ஏப்ரலில்தான் ஒளிபரப்பாயின. அத்தனைக்கும் பிறகு, மூன்று வாரம் மட்டுமே திரையில் உயிரோடு இருந்த ஒருத்தியை மேலே தூக்கி உட்காரவைத்தார்கள் அந்த ஓட்டாளர்கள். ‘ஏன் அவள்’ என்று பேசிப் பேசித்தான் அந்த மாதிரி ஒரு முடிவு வர முடியும். விளம்பரம் பார்த்து ஓட்டுப் போட்டால் வராது.

அதன் பிறகு ஓட்டு இறங்குமுகம். ஏன் என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். ‘அனிமேவே செத்துவிட்டது’ என்றார்கள் சிலர். பார்த்தால் வருடத்துக்கு வருடம் தொடர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் இருந்தது. ‘இளைஞர்களுக்கு அக்கறை இல்லை’ என்றார்கள் இன்னும் சிலர். இந்த வசனம் எந்த நாட்டிலும் எந்தத் தேர்தலுக்கும் கிடைக்கும். நம் சங்கத்திலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வங்கிக்காரனாக நான் பார்ப்பது வேறு.

ஒரு கிளையில் டெபாசிட் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி வந்து, ‘ஏன் குறைந்தது?’ என்பார். அதற்கு மூன்று பதில் இருக்க முடியும். ஒன்று, வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு, ஒரே ஆள் பெயரில் இரண்டு மூன்றாக இருந்த கணக்குகளை நாம் கண்டுபிடித்து ஒழுங்குபடுத்தினோம். அதாவது முன்பு காட்டிய எண்தான் ஊதியிருந்தது. மூன்று, வாடிக்கையாளர் கணக்கை மூடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பக்கத்துத் தெருவில் புதுக்கிளை திறந்தார்கள், சம்பளம் அங்கே விழ ஆரம்பித்தது, இங்கே வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் வாடிக்கையாளர் தொடாமல் இருந்தால் அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைப்போம். பாஸ்புக் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். கேட்டால், ‘எனக்கு உங்க பேங்க்லதான் சார் அக்கவுண்ட்’ என்பார். கிளைகள் வறண்டுபோவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையால்தான். சத்தம் போட்டுவிட்டுப் போகிறவரைச் சமாதானம் செய்யலாம். சொல்லாமல் நிற்கிறவரை என்ன செய்வது?

சைமோஎ போட்டியில் மூன்றும் கலந்திருந்தது. மூன்றாவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. 2006 டிசம்பரில் நிக்கோநிக்கோ என்ற காணொளித் தளம் வந்தது. 2007-இல் ஓவியம் வரைகிறவர்களுக்கென்றே பிக்ஸிவ் வந்தது. 2008-இல் டுவிட்டர் ஜப்பானிய மொழியில் வந்தது. ஒவ்வொன்றாக என்ன எடுத்துக்கொண்டு போனது என்று பாருங்கள். முன்பு ஒருவர் ராத்திரி கண்விழித்து ஆதரவுப் படம் வரைந்தால், அது போட்டிப் பலகையில் ஒரு நாள் தங்கும், அடுத்த நாள் அடியில் போய்விடும். பிக்ஸிவில் போட்டால் அவர் பெயரிலேயே நிற்கும். பாராட்டு அவருக்கே வரும். படம் வரைகிறவர் அங்கே போனார். வாதம் செய்கிறவர் டுவிட்டருக்குப் போனார். அசைபடம் செய்கிறவர் நிக்கோநிக்கோவுக்குப் போனார். யாரும் போட்டியை எதிர்த்துப் போகவில்லை. போட்டியில் மிஞ்சியது ஓட்டும் எண்ணிக்கையும். பேச்சு போன பிறகு, குறியெண் வாங்கி, காத்திருந்து, ஒரு பெயரை எழுதிவிட்டு வருவது வெறும் வேலையாகிப்போனது. வேலைக்கு யார் வருவார்கள்? சம்பளம் வேறு கிடையாது.

அந்தப் பலகைக்கே சோதனையும் வந்தது. 2013 ஆகஸ்டில், காசு கட்டி அதைப் பயன்படுத்தியவர்களின் கடன் அட்டை விவரங்கள் வெளியே கசிந்தன. பெயரில்லாமல் எழுதலாம் என்ற ஒரே நம்பிக்கையில் வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2014-இல் நிறுவனருக்கும், சர்வர்களை வைத்திருந்தவருக்கும் இடையே உரிமைத் தகராறு. பலகை கைமாறி, அதே மாதிரி இரண்டு பலகைகள் ஆயின. பிறகு மூலத்தின் பெயரே ‘5சேனல்’ என்று மாறிவிட்டது. வீடு இடிகிறபோது வீட்டுக்குள் நடந்த விழா மட்டும் எப்படி நிற்கும்?

இரண்டாவது வகையையும் விட்டுவிட முடியாது. கள்ள ஓட்டைத் தடுக்கத் தடுக்க நல்ல ஓட்டும் கொஞ்சம் தடுக்கப்படும். இது எல்லா இடத்திலும் உள்ளது. ஓர் இணைப்புக்கு ஓர் ஓட்டு என்றால், ஒரே இணைப்பில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு என்ன செய்வது? கல்லூரி விடுதிக்கு என்ன செய்வது? கைப்பேசி இணைப்பு ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்தால்? தளர்த்தினால் ஒருவரே பலராகிறார். இறுக்கினால் பலரும் ஒருவராகிறார்கள். கே.ஒய்.சி. வந்த புதிதில் கவுண்டரில் நான் பார்த்ததும் இதுதான். போலிகளும் குறைந்தன, ரேஷன் அட்டையில் ஒரு எழுத்து மாறியிருந்த பாட்டியும் திரும்பிப் போனார். இரண்டையும் ஒரே தலைப்பில் ‘குறைவு’ என்று எழுதினால் உண்மை தெரியாது.

ஓட்டு குறையும்போது இன்னொன்று நடக்கிறது. கூட்டம் பெரிதாக இருக்கும்போது, கட்டுக்கோப்பான சிறு கூட்டத்தால் அதை அசைக்க முடியாது. கூட்டம் சுருங்கினால் அதே சிறு கூட்டம் முடிவையே எழுதிவிடும். அவர்கள் புதிதாகப் பலம் பெறவில்லை; சுற்றி இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ‘எப்படியும் அந்தத் தொடர்க்காரர்கள்தான் ஜெயிப்பார்கள்’ என்று தெரிந்ததும் மற்றவர்கள் வருவதில்லை. வராததால் அவர்கள் இன்னும் சுலபமாக ஜெயிக்கிறார்கள். ஜெயித்தவர்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அவர்கள் வந்தார்கள், ஓட்டுப் போட்டார்கள்.

‘சரி, ஓட்டு எத்தனை சதவீதம் குறைந்தது?’ என்று முன்வரிசையிலிருந்து கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சதவீதமே சொல்ல முடியாது! 2014 டிசம்பரில் ஜப்பானில் நிஜமான பொதுத்தேர்தல் நடந்தது. 52.66 சதவீத வாக்குப்பதிவு. போருக்குப் பிந்தைய கீழவைத் தேர்தல்களில் அதுவே மிகக் குறைவு. இப்படிப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம், வாக்காளர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. சைமோஎ போட்டிக்குப் பட்டியல் கிடையாது. வந்தவர் எத்தனை என்று தெரியும். வரவேண்டியவர் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. தொகுதி இருக்கிறது, பகுதி இல்லை. பின்னத்தில் கீழே எண் இல்லாவிட்டால் மேலே இருக்கிற எண்ணை வைத்துக்கொண்டு அழவும் முடியாது, ஆடவும் முடியாது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டு கூடினால் நல்லதா?

‘நருடோ’ என்ற தொடர் நம் பையன்களுக்குத் தெரியும். அதன் வெளியீட்டாளர்கள் 2022 டிசம்பர் 17 முதல் 2023 ஜனவரி 31 வரை உலகம் முழுவதற்குமாக ஒரு பாத்திரத் தேர்தல் நடத்தினார்கள். முதலிடம் நாயகனின் அப்பாவான மினாட்டோவுக்கு, 7,92,257 ஓட்டு. மொத்த ஓட்டு 45 லட்சத்தைத் தாண்டியது. ஜெயித்தவரை வைத்து மூல ஆசிரியர் கிஷிமோட்டோ மசாஷி ஒரு குறுங்கதை வரைவார் என்று பரிசு அறிவித்தார்கள்; வரைந்தும் கொடுத்தார். கேட்க அமர்க்களமாக இருக்கிறது. ஆனால் விதி என்ன? ஒருவர் தினமும் ஒரு ஓட்டுப் போடலாம். டிசம்பரில் 15 நாள், ஜனவரியில் 31 நாள், ஆக 46 நாள். 7,92,257-ஐ 46-ஆல் வகுத்தால் 17,223 வருகிறது. அதாவது பதினேழாயிரத்துச் சொச்சம் பேர் தவறாமல் தினமும் போட்டாலே அந்த எண் வந்துவிடும். மொத்த 45 லட்சமும் அதே கணக்கில் ஒரு லட்சம் பேருக்குள் அடங்கிவிடும். நிஜத்தில் அப்படியே நடந்தது என்று சொல்லவில்லை. பலர் ஒரே நாள் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஆட்கள் இன்னும் அதிகமாகவே இருந்திருப்பார்கள். ஓட்டின் எண்ணிக்கையை வைத்து ஆளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். கவுண்டரில் இதை வவுச்சர் எண்ணிக்கை வேறு, வாடிக்கையாளர் எண்ணிக்கை வேறு என்போம்.

இன்னொன்று கார்ட்டூன் இல்லை, நிஜப் பெண்கள். ஏகேபி48 என்ற ஜப்பானியப் பாடகிகள் குழு 2009 முதல் ‘பொதுத்தேர்தல்’ என்றே பெயர் வைத்து ரசிகர் ஓட்டெடுப்பு நடத்தியது. பாட்டு சிடி வாங்கினால் உள்ளே ஓட்டுச் சீட்டு. பத்து சிடி வாங்கினால் பத்து ஓட்டு. நூறு வாங்கியவர்களும் உண்டு. 2009-இல் முதலிடம் பிடித்த மயெதா அத்சுகோவுக்கு 4,630 ஓட்டு. 2017-இல் முதலிடம் பிடித்த சாஷிஹாரா ரினோவுக்கு 2,46,376. எட்டு வருடத்தில் 53 மடங்கு! 2018-இல் மொத்த ஓட்டு 38 லட்சத்தைத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சம். 2019-இல்? தேர்தலே நடக்கவில்லை. உச்சத்தில் இருந்த அடுத்த வருடமே நின்றது. வெறும் ஓட்டெண்ணிக்கையை வைத்து ஒரு தேர்தலின் ஆரோக்கியத்தைக் கணித்திருந்தால், 2018-இல் இதற்கு முதல் மார்க் கொடுத்திருப்போம்.

இந்த மூன்றில் என் ஓட்டு எதற்கு என்றால், தயங்காமல் சைமோஎவுக்குத்தான். குறைந்துபோன அந்த எண்ணிக்கையில் காசு கலக்கவில்லை, பரிசு ஆசை கலக்கவில்லை. குறைந்ததும் அப்பட்டமாகத் தெரிந்தது. மறைக்க ஒரு ஏற்பாடும் இல்லை. எத்தனை ஓட்டு செல்லாது என்பதைக்கூட அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கலாம், ஏனென்றால் ஓட்டு ஒவ்வொன்றும் எல்லார் கண் முன்னும் கிடந்தது. தணிக்கைக்கு அதைவிட என்ன வேண்டும்?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன், நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள்.

நம் பொதுக்குழு கோரம் சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு இருப்பவர்களை வைத்து நடத்துவது வழக்கமாகிவிட்டது. அதனால் கைப்பேசி வந்தால் எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள் என்கிறார்கள். முதல் வருடம் போடுவார்கள், சந்தேகமில்லை. சௌகரியம்தான். வெளியூரில் இருக்கிற உரிமையாளர்களுக்கும், முழங்கால் வலியால் கூடத்துக்கு இறங்கி வர முடியாதவர்களுக்கும் அது பெரிய உபகாரம். நான் எதிர்க்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டியல். வீட்டுக்கு ஒரு ஓட்டு, ஓடிபி பதிவான எண்ணுக்குப் போகும் என்கிறது வரைவு. பதிவான எண் யாருடையது? விற்றுவிட்டுப் போனவர் பெயர் இன்னும் பதிவேட்டில் நிற்கிற வீடுகள் இருக்கின்றன. காலமானவர் எண்ணும் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா வேறு எண் வைத்திருக்கிறார். இரண்டு வீடு வைத்திருப்பவர் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்; செயலி இரண்டு ஓட்டை ஏற்குமா, ஒன்றைத் தள்ளுமா என்று கேட்டால் விற்க வந்தவருக்கே பதில் தெரியவில்லை. இந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு தேர்தல் நடத்தினால், பத்து ஓட்டு குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று நமக்கும் தெரியாது. ஆகவே முடிவு அறிவிக்கும்போது ஜெயித்தவர் பெயருக்கு முன்னால், பட்டியலில் உள்ள வீடு எத்தனை, ஓட்டுப் போட்ட வீடு எத்தனை, நிராகரித்தது எத்தனை, எதனால் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பேச்சு. ஓட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுபோங்கள், கூட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள். நிற்பவர்கள் இதே கூடத்தில் வந்து நிற்கட்டும். தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், சிங்கிங் ஃபண்ட் என்று நாம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அன்றைக்கே ஓட்டுப்பதிவு தொடங்கட்டும். கூட்டமே வேண்டாம், வேட்பாளரின் படமும் நான்கு வரியும் வாட்ஸ்ஆப்பில் வந்தால் போதும் என்ற திருத்தம் வந்திருக்கிறது. அதற்கு மட்டும் நான் எதிர் ஓட்டு.

பதிவேட்டின் நகலை வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். கிளம்பும்போது உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே உள்ள பெயரும் கைப்பேசி எண்ணும் சரியா என்று பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தப்பாக இருந்தால் அடித்துவிட்டு மேலே எழுதுங்கள், பக்கத்தில் சுருக்கெழுத்திடுங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன். பழைய பழக்கம்.